சொல்லைப் பிரித்துப் பொருள் கண்ட வைத்தியர் கிறீன்

ஆங்கிலத்தில் வழங்கும் சாஸ்திரச் சொற்களின் நீளம் நம் மாணாக்கர் பலருக்குப் பெரியதோர் இடராக இருத்தலை நாம் நன்கறிவோம். ஐந்தாறு அசைகளையுடைய ஒரு சொல்லைக் கண்டவுடனே மனம் திகைக்கின்றது. அதனை நெட்டுருப்பண்ணி ஒப்புவிப்பதே பலர்க்கு வழக்கமாயிற்று. அவ்வாறு மனனஞ்செய்த சொல் பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துபோதல் வியப்பன்று. ஆயின் அச்சொற்களைப் பிரித்து, இது பகுதி, இது விகுதி என்று கண்டு, ஒவ்வோர் உறுப்பின் பொருளையும் அறிந்து, அப்பொருளைத் தமிழில் அமைத்துக்காட்டுதலையே தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாகக் கொண்ட பெரியார் ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தனர். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவர். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறி, அதனால் நாம் பெறத்தக்க பயனையும் எடுத்துக்காட்டப் புகுகின்றோம்.

கிறீன் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் என்னும் நகரில், கிறீன் ஹில் என வழங்கிய குடும்பப் பண்ணையில் 1822ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் நியாயவாதியாக இருந்தவர்; ஆயினும் தந்தை வழி முன்னோருள் வைத்தியர் பலர் விளங்கினர். நியூயார்க் மாநகரின் பெரும் பூங்காவை அமைத்தலில் முன்னின்று புகழ்பெற்ற அண்டுரு ஹாஸ்வெல் கிறீன் என்பவர் இவருக்குத் தமையனார். தமையனார் ஒரு நகரத்தைத் திருத்த, தம்பியார் கடல் கடந்து வேற்றொரு மொழியில் ஒரு கலையை நாட்ட முற்பட்டார். சாமுவேல் நியூயார்க்கிலுள்ள வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். பின்பு அமெரிக்க மிஷன் சங்கத்தாரால் வைத்திய ஊழியத்துக்கென நியமிக்கப்பெற்று, 1847ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பாஸ்டன் துறைமுகத்தினின்றும் கப்பலேறி, அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனாரின் வைத்தியப்பணி அவருக்கு முன்னரே தொடங்கியிருந்தது. வைத்தியர் ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் அதற்கு அடிகோலினார். வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியில் உயர்தரக் கல்வி நடைபெற்றுவந்தது. மானிப்பாயில் அச்சியந்திரசாலையும் இருந்தது. கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு வந்து, அங்கே வைத்தியசாலை நடத்தியதோடு, சில இளைஞரைச் சேர்த்து வைத்தியங் கற்பிக்கவுந் தொடங்கினார். அக்கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. செமினரியில் ஆங்கிலம் பயின்ற இளைஞரே மாணாக்கராதலின் அது முதலில் எளிதாகவே தோன்றிற்று.

ஆயின் இரண்டு குறைகள் மெல்ல மெல்லப் புலனாயின. ஒன்று, ஆங்கிலத்தில் வைத்தியங் கற்றவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடித் தம் ஊரை விட்டுச் சென்றனர். எந்தக் கிராமத்து மக்களுக்காக வைத்தியர் வேண்டுமெனக் கிறீன் கருதினாரோ அந்தக் கிராமங்கள் முன்போலவே இருந்தன. மற்றொன்று, ஆங்கிலம் அறியாத ஆயிரக்கணக்கான தமிழர்க்கு இந்த அறிவு எக்காலத்தும் எட்டாக்கனியாகவே நின்றுவிடும் என்பது. இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் வழி, வைத்திய சாஸ்திரத்தைத் தமிழிலேயே கற்பித்தல் எனக் கிறீன் முடிவுசெய்தார். முடிவுசெய்தல் எளிது, செய்துமுடித்தல் அரிது. கற்பிக்க நூல் வேண்டும். நூலெழுதச் சொல் வேண்டும். அச்சொற்கள் எங்கே?

இவ்விடத்தில் அவர் எதிர்ப்பட்ட இடர் இன்னதென்பதை நம் மாணாக்கர் தெளிவாக அறிதல் நன்று. ஆங்கில வைத்தியச் சொற்களிற் பெரும்பாலன ஆங்கிலச் சொற்களே அல்ல. அவை கிரேக்கம், இலத்தீன் என்னும் இரு மொழிகளின் சொற்றுண்டுகளைக் கோத்துச் செய்த மாலைகள். பெரிகார்டியம் என்பதைப் பிரித்தால், பெரி என்பது சுற்றி எனவும், கார்டியா என்பது இருதயம் எனவும் பொருள்படும். இருதயத்தைச் சுற்றியுள்ள உறை என்பது தானே விளங்கும். பெரி என்பதை நீக்கி உள்ளே எனப் பொருள்படும் எண்டோ என்பதை வைத்தால் எண்டோகார்டியம் ஆகி, இருதயத்தின் உட்புறத் தோலைக் குறிக்கும். கேஸ்ட்ரோஎண்டரைட்டிஸ் என்பதில் கேஸ்ட்ரோ இரைப்பை, எண்டர் குடல், ஐட்டிஸ் அழற்சி. கழுத்திலுள்ள ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு என்னும் தசையின் பெயர் கேட்பவரை அச்சுறுத்துவதாயினும், அது மார்பெலும்பினின்றும் காறையெலும்பினின்றும் புறப்பட்டுக் காதின் பின்னுள்ள முளையெலும்பிற் சென்று பொருந்துகின்றது என்னும் முழுச் செய்தியையும் தன் பெயரிலேயே அடக்கிவைத்திருக்கின்றது. பிரிக்கத் தெரியாதவனுக்கு அது சுமை. பிரிக்கத் தெரிந்தவனுக்கு அதுவே பாடம்.

கிரேக்கமும் இலத்தீனும் அறிந்த மேனாட்டு மாணாக்கனுக்கு இப்பெயர்கள் பேசும். அறியாத மாணாக்கனுக்கு இவை ஊமைகள். யாழ்ப்பாணத்து இளைஞனோ ஆங்கிலத்தை ஒரு முறை கற்று, அந்த ஆங்கிலத்தினுள் ஒளிந்திருக்கும் வேறிரு மொழிகளை மறுமுறை கற்கவேண்டியவனானான். தமிழில் அமைந்த சொல்லாயின் அதன் உறுப்புக்கள் அவனோடு நேரே பேசும். இதுவே கிறீன் மேற்கொண்ட பணியின் உட்கருத்து எனலாம்.

சொல் தேடுதற்கு அவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில் தமிழில் வழங்குஞ் சொற்களை ஆராய்தல். தமிழிற் கிடையாவிடின் வடமொழியை நாடுதல். அங்கும் ஏற்றது காணாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் தமிழோசைக்கேற்ப அமைத்துக்கொள்ளுதல். இம்மூன்று படிகளும் அவருடைய நூற்பெயர்களிலேயே விளங்குகின்றன. புண்ணுக்குச் செய்யும் சிகிச்சையை இரணவைத்தியம் என்று நம்மவர் முன்னரே வழங்கினர்; ஆதலின் அறுவைச் சிகிச்சை நூலுக்கு அப்பெயரே அமைந்தது. உடலின் தொழில்களைக் கூறும் நூலுக்கு வடமொழி உறுப்புக்களாற் சுகரணவாதம் என்னும் பெயர் அமைந்தது. இரசாயன நூலுக்கோ ஆங்கிலப் பெயரே மகர வீறு பெற்றுக் கெமிஸ்தம் ஆயிற்று.

சுகரணவாதம் என்னும் பெயரைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். ஆங்கிலத்தில் பிசியாலஜி என்பதன் உறுப்புக்கள் பிசிஸ் என்னும் இயற்கையும், லோகோஸ் என்னும் உரையும் ஆம். உறுப்புக்கு உறுப்பு வைத்து மாற்றினால் இயற்கை நூல் என்றே வரும். அது மலையையும் கடலையும் பற்றிய நூலென்று மயங்கவே இடந்தரும். கிறீன் அவ்வாறு செய்யவில்லை. சு என்பது நன்மை. கரணம் என்பது செய்கை அல்லது செய்கைக்குரிய கருவி. வாதம் என்பது எடுத்துப் பேசுதல். உறுப்புக்கள் தத்தம் தொழிலை நன்கு செய்தலைப் பற்றிப் பேசும் நூல் என்பது கருத்து. அந்நிய மொழியின் துண்டுகளைப் பிரித்தறிந்த பின்னர், அத்துண்டுகளை விட்டு, அவை சுட்டும் பொருளைப் பிடித்துக்கொண்டார். இரணவைத்தியமும் அத்தகையதே. ஆங்கிலத்திற் சர்ஜரி என்பது கை எனவும் தொழில் எனவும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் தேய்வு. கைத்தொழில் என்று மொழிபெயர்த்திருந்தால் தச்சரும் கொல்லருமன்றோ அதற்குரியராவர்! கெமிஸ்தம் என்பதற்கு மூலமான சொல்லோ அரபு நாட்டு வழியாக வந்தது, பிரித்தாலும் பயன்தராதது. பிரித்துப் பயனில்லாததைப் பிரியாமலே ஏற்றுக்கொண்டமையும் அறிவுடைமையே.

சொற்பிரிப்பில் இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. சொல்லின் உறுப்பு எப்போதும் உண்மை பேசும் என்று நம்பிவிடலாகாது. ஆக்சிஜன் என்பதற்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்பது உறுப்புப் பொருள். எல்லா அமிலங்களிலும் அவ்வாயு உண்டு என்று கருதிய லவோசியே அப்பெயரை இட்டார். 1810ஆம் ஆண்டளவில் ஹம்ப்ரி டேவி, உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் அவ்வாயு இல்லையென்று காட்டினார். கருத்து வீழ்ந்தது, பெயர் நிலைத்தது. மலேரியா என்பது இத்தாலிய மொழியிற் கெட்ட காற்று எனப் பொருள்படும். கிறீன் வாழ்ந்த காலத்தில் வைத்தியர் பலர் அதனையே நம்பினர். அவர் மறைந்து பதின்மூன்றாண்டு கழிந்த பின், 1897இல், சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் அந்நோய்க் கிருமியைக் கண்டனர். ஆகவே சொல்லைப் பிரித்தல் பொருளறிதற்கு வாயிலேயன்றி, பொருளே அன்று.

தமிழிலுள்ள சொற்களை எடுத்தாள்வதிலும் தொல்லை இல்லாமலில்லை. ஈரல், நுரையீரல், மண்ணீரல் முதலிய பெயர்கள் முன்னரே தெளிவாக இருந்தன. நரம்பு என்னுஞ் சொல்லோ உணர்ச்சியைக் கடத்தும் நூலையும், இரத்தம் ஓடும் குழாயையும், யாழின் தந்தியையும் ஒருங்கே குறித்தது. வழக்கில் ஒன்றாயிருந்ததைச் சாஸ்திரத்தில் வேறுபடுத்தி ஒன்றற்கே உரிமையாக்குதல் வேண்டியிருந்தது. இது தமிழுக்கே உரிய குறையென்று எண்ணுதல் தவறு. மேனாட்டார் நரம்புக்கு வழங்கும் பெயருக்கு மூலமாகிய நியூரான் என்னும் கிரேக்கச் சொல்லும் பழங்காலத்தில் தசைநாரையும் யாழ்த் தந்தியையும் குறித்ததே. எம்மொழியும் சாஸ்திர மொழியாகவே பிறப்பதில்லை. சாஸ்திரிகள் எடுத்தாளுதலினால் அப்படி ஆகின்றது.

இனி அவருடைய நூல்களைக் கூறுவோம். கால்வின் கட்டர் என்பாரது நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1857இல் அச்சேறிற்று. உடலின் அமைப்பு, அதன் தொழில், அதனைப் பேணும் முறை என்னும் மூன்றும் அதில் அடங்கின. உற்பாலனம் என்பதன்கண் பாலனம் என்பது காத்தல் எனப் பொருள்படுதல் காண்க. மான்செல் என்பாரது பிரசவ வைத்திய நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. இடைவிடா உழைப்பால் உடல் நலிந்து அவ்வாண்டிலே தாய்நாடு சென்ற கிறீன், 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே மனைவியாரோடு மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். அவ்வாண்டு வேறொரு வகையிலும் நினைவுகூரத்தக்கது. 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி சென்னையில் வெளிப்பட்டதும் அவ்வாண்டிலேதான்.

திரும்பி வந்த பின்னரே தமிழ்வழி வைத்தியக் கல்வி முழு முயற்சியோடு நடைபெற்றது. ஆங்கிலக் கல்வியால் உத்தியோகமும் மதிப்பும் வருமென்று நம்பிய இளைஞர்க்கு இம்மாற்றம் உவப்பாக இருக்கவில்லை. தமிழிற் கற்றவனை யார் மதிப்பர் என்பது அவர்கள் கவலை. அக்கவலை பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். வயிற்றுப்பாடு யாவர்க்கும் உண்டு. ஆயினும் கிறீன் தம் கொள்கையினின்றும் பின்னிடவில்லை. துரூயித் என்பாரது இரணவைத்தியம் 1867இலும், கிரே என்பாரது பெருநூலைத் தழுவிய மனுஷ அங்காதிபாதமும் ஹூப்பர் என்பாரது வைத்தியாகரமும் 1872இலும், வெல்ஸ் என்பாரது கெமிஸ்தம் 1875இலும், டால்டன் என்பாரது மனுஷ சுகரணம் 1883இலும், வேரிங் என்பாரது இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. இவையன்றிச் சொற்றொகுதிகளையும் அவர் தொகுத்து வெளியிட்டார். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். கிரேயின் நூல் ஆங்கிலத்தில் முதன்முறை வெளிவந்தது 1858இல் என்பதை நினைந்தால், பதினான்கு ஆண்டுகளுக்குள் அது தமிழுருப் பெற்றமையின் அருமை விளங்கும்.

இப்பணி ஒருவரால் மட்டும் முடிந்ததன்று. டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் முதலிய தமிழ் மாணாக்கர்கள் மொழிபெயர்ப்பிற் பேருதவி புரிந்தனர். அவர்கள் ஆசிரியரிடம் வைத்தியம் கற்றனர்; ஆசிரியரோ அவர்களிடமிருந்து தமிழின் வளத்தை மேன்மேலும் கற்றார் எனல் பொருந்தும். அவரிடம் வைத்தியம் பயின்று தேறியோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவருட் பாதியளவினர் தமிழ் வாயிலாகவே பயின்றவர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கொடுமையாய்ப் பரவியபோது, கிறீனும் அவருடைய மாணாக்கரும் ஊரூராய்ச் செய்த தொண்டு பெரிது. நீரைக் காத்தலும் இடத்தைத் துப்புரவாக்கலும் நோயைத் தடுக்கும் என்பதை ஊர்மக்கட்கு உணர்த்தவேண்டிய அத்தகைய வேளையிலன்றோ தாய்மொழியில் அமைந்த வைத்திய அறிவின் பயன் முழுதும் வெளிப்படும்! பீடிக்கப்பட்ட குடும்பத்தின் வாயிலில் நின்று கிரேக்கச் சொல்லைச் சொல்லி ஆவதென்ன?

1873இல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு வூஸ்டருக்குத் திரும்பினார். உடல் இடந்தராமையினால் மீண்டும் வரவில்லை. ஆயினும் எழுதுகோலை வைத்துவிடவில்லை. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் வெளிவந்த ஆண்டுகளை நோக்கினால், தமிழொலியே கேளாத ஊரிலிருந்தும் இறுதிவரை தமிழ்நூற்பணியிலேயே அவர் கருத்தூன்றியிருந்தமை தெளிவாகும். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள், தாம் பிறந்த ஊரிலேயே அவர் உயிர்நீத்தார். தமிழர்க்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்னும் கருத்தமைந்த வாசகம் அவருடைய கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் அவர் வளர்த்த வைத்தியசாலை அவர் பெயராலேயே வழங்குகின்றது.

அவர் தொடங்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி அவருக்குப்பின் நீடிக்கவில்லை என்பதையும் நாம் மறையாது கூறவேண்டும். 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியப் பள்ளிக்கூடம் ஆங்கில வாயிலாகத் தொடங்கிற்று. உத்தியோகத்தின் கதவு அங்கே திறந்திருக்க, இளைஞர் மானிப்பாயின் தமிழ் வகுப்பை நாடாராயினர். இன்றும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. அவர் ஆண்ட சொற்களும் பெரும்பாலும் வழக்கிறந்தன. அங்காதிபாதம் உடற்கூற்றியலாகவும், சுகரணவாதம் உடலியங்கியலாகவும், கெமிஸ்தம் வேதியியலாகவும் மாறின. வடமொழிச் சார்பு மிகுந்த அவர் சொற்கள் சில, வடமொழி அறியாத இற்றைநாள் மாணாக்கனுக்கு ஆங்கிலச் சொற்போலவே அரியனவாய் நிற்றலும் உண்மை. ஆயினும் பின்வந்தோர் செய்த மாற்றம் அவர் வகுத்த நெறிக்கு மாறானதன்று. கேட்டவுடன் உறுப்புக்கள் பொருள் தரவேண்டும் என்பதே அந்நெறி. உடல், கூறு, இயல் என்று பிரியும் சொல் அந்நெறியையே இன்னும் நெருங்கிச் செல்கின்றது. சொற்கள் மாறின, கேள்வி மாறவில்லை.

இச்சரித்திரத்தினின்றும் நம் கல்லூரி மாணாக்கர் கைக்கொள்ளத்தக்க முறையொன்றைக் கூறி முடிப்போம். நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டால் முதலில் அசையசையாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லுக. அது நாவுக்கு உதவும். ஆயின் அசைப்பிரிப்பும் பொருட்பிரிப்பும் ஒன்றென எண்ணற்க. ஹெலிகாப்டர் என்பதை நாவானது ஹெலி என்றும் காப்டர் என்றும் பிரிக்கும். பொருளோ ஹெலிகோ என்னும் திருகுசுருளும், டெர் என நம் காதில் தேய்ந்து ஒலிக்கும் டெரோன் என்னும் சிறகும் ஆகப் பிரியும். தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. நடந்தனன் என்பதை யாப்பில் நடந், தனன் என இரு நிரையசையாக அலகிடுகின்றோம். பதவியலிலோ நட என்பது பகுதி, த் என்னும் சந்தி ந் ஆனது விகாரம், த் இடைநிலை, அன் சாரியை, அன் விகுதி எனப் பகுக்கின்றோம். செவிக்கு ஒரு பிரிவு. சிந்தைக்கு ஒரு பிரிவு. நன்னூல் பயின்ற மாணாக்கன் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வான்.

அடுத்துச் சொல்லின் இறுதியை நோக்குக. ஐட்டிஸ் என முடிந்தால் அழற்சி. லஜி என முடிந்தால் ஓர் இயல். எக்டமி என முடிந்தால் ஓர் உறுப்பை வெட்டி நீக்குதல். பின்னர் முதலை நோக்குக. பெரி சுற்றி, எண்டோ உள்ளே, ஹைப்போ கீழே அல்லது குறைந்து, ஹைப்பர் மிகுந்து. இறுதியாக நடுவில் நிற்கும் உறுப்பை அறிக. ஐம்பது அறுபது உறுப்புக்களைக் கற்றவன் பல நூறு சொற்களுக்கு உரியவனாவான். அதன்பின், கிறீன் செய்ததுபோல, அப்பொருளைத் தமிழில் ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்க்கவேண்டும். தமிழிற் சொல்ல இயன்றால் அப்பொருள் விளங்கிற்று என்பதற்கு அதுவே அடையாளம். இயலாதாயின், நாவிற் படிந்தது சொல்லேயன்றி அறிவன்று.

கடல் கடந்து வந்த ஒருவர் தம்முடையதல்லாத மொழியில் நாலாயிரம் பக்கங்களை உருவாக்கினார். அம்மொழியைத் தாய்மொழியாகப் பெற்ற நாம், கற்கும் பாடத்தில் நாளொன்றுக்கு ஒரு சொல்லையேனும் பிரித்துத் தமிழிற் பொருள் காண முயன்றால், அவர் எடுத்த பணி முற்றும் அவமாயிற்றென்று எவரும் கூறார்.